நிதுஷனுக்கு நான் பெண் பார்த்தது

பிளாக்டவுன்
புதன்கிழமை

அன்பு மகன் எறிக்,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். மெல்பேர்ணில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று கோபத்தோடுதான் மன்றாடுகிறேன். பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, உன் நடனம் பார்த்து வந்த நாளிலிருந்து கராஜுக்குள்ளேயே இருக்கிறார்.

கிறிஸ்தவக் கோயில் பாட்டுகளுக்கு இசையமைத்த ஒரு கறுப்பின மனிதர், உலகம் மறந்துபோனவர், அவரை நினைத்து ஆடுகிறோம் அம்மா என்று நீ சொன்னதை நம்பித்தானே பூசை முடிந்ததும் கோயில் சனம் எல்லாரையும் உன் நடனத்துக்குக் கூப்பிட்டேன். இரண்டு வான் நிறைய ஆட்கள். அவர் ஓர் ஆணை நேசித்ததால்தான் பாட்டுகளிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பது மேடையில் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அதையும் பொறுத்தேன் மகன். அந்த இசைக்கு நீ தனியாக விழுந்து எழும்பிய இடத்தில் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் முடிவில் மைக்கைப் பிடித்து, இந்த ஆட்டம் என் துணைவன் நிதுஷனுக்கு என்றாயே. கூட வாடகைக்கு இருக்கிற பொடியன் என்றல்லவா மூன்று வருடமாக எனக்குச் சொன்னாய்!

பக்கத்துக் கதிரையில் தேவராஜா. அவருடைய மகள் அஞ்சலியை நிதுஷனுக்குப் பெண் கேட்டு அலைந்தவள் நான். என் குசினியில் நண்டு துப்பரவாக்கிக்கொண்டே, ஓம் அன்ரி, வடிவான பிள்ளைதான், யோசிச்சுச் சொல்லுறன் என்றான் அவன். நீ தலையைக் குனிந்து சோறு தின்றாய். பிறகு இரண்டு பேரும் என்னை நினைத்துச் சிரித்தீர்களா? நேற்று தேவராஜா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் தெரிந்துகொண்டே அவர் பிள்ளையைக் கேட்டதாக நினைக்கிறார். முன்னமே சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை நடனத்துக்கே வந்திருக்கமாட்டேன். ஆனாலும் அது எனக்கும் உனக்கும் இடையில் நடந்திருக்கும். ஒருவருடைய பெயரை மறைத்தார்கள் என்று அத்தனை பேருக்கு முன்னால் ஆடிய நீ, நிதுஷன் யார் என்பதை என் வீட்டில் மறைத்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

குளிருக்குள் வெறுங்காலோடு ஆடாதே, முழங்காலுக்கு எண்ணெய் போடு. மாதா உன்னைக் காக்கட்டும். நத்தார் பண்டிகைக்கு வா என்று இந்த முறை கூப்பிடமாட்டேன். நிதுஷனை எனக்குப் போன் எடுக்கச் சொல், தான் யார் என்று அவன் தன் வாயால் சொல்லட்டும். அவன் எடுத்தால் பேசுவேன். நீ எடுத்தால் இப்போதைக்குப் பேசமாட்டேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
கத்தரின்