வரிசையில் நீ இரண்டாவது

என் அன்பு மருமகனே,

உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை, நெஞ்சில் கை வைத்து இதோ எழுதுகிறேன்.

போன வருஷம் உன் பதினாலு வயசுப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்றதும், "கிழட்டுப் பூனைக்குத் தினம் ரெண்டு ஊசியா? தூக்கிட்டுப் போய் ஒரே ஊசியில முடிச்சுடுங்க மாமா" என்றாயே? நான் அதை என் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முதல் ஊசிக்கு அது போட்ட கர்ஜனையில் மூன்று தெருவின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. இப்போதோ காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் தானே சாப்பிட்டு முடித்து, பிடரியைக் காட்டி உட்காருகிறது. நான் ஒரு நிமிஷம் பிந்தினால் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறது. மருத்துவர்கள் அதனிடம் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள்.

நேற்று நீ போனில், "மாமா, எனக்கும் சுகராம். ஊசியைப் பாத்தாலே மயக்கம் வருது. நீங்க போட்டு விடுவீங்களா?" என்று கெஞ்சினாய். நான் குதித்த குதியில் கூரையில் ஓட்டை.

தாராளமாக வா. ஆனால் முதலில் பூனைக்கு. அது சாப்பிட்டு, மீசையைத் துடைத்து, ஊசி போட்டுக்கொண்டு இறங்கும்வரை நீ சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நிற்க வேண்டும். முனகினாயோ, "என்னடா மாப்ளே, பூனையே கம்முன்னு இருக்கு!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வேன்.

கண்ணாடி, கடிகாரம், கையெழுத்து, கூரை எல்லாம் புளுகு. ஒன்று மட்டும் நிஜம். போனில் உன் குரல் கேட்டதும் அது வாசல் கதவருகே போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் தவிர இன்னும் எழுந்து வரவில்லை.

அதற்கு ரோஷமே கிடையாது. எனக்கு உண்டு.

இப்படிக்கு,
ஊசியும் கையுமாகக் காத்திருக்கும் உன் தாய்மாமன்