சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள்

வடக்குத்து
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே, பனி கொட்டுகிறது என்றாயே, குட்டியைக் காது மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, மற்றபடி நலம். நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது கை உடைந்தது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். என்னை அடித்தார்கள், நானும் அடித்தேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி.

நம் வீட்டுக்குத் தெற்கே நாலு ஏக்கர் காலி நிலம் இருக்கிறதே, நீ ஸ்கூட்டி பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்ட இடம், அதை மனை போட்டு விற்காமல் ஆடு மாடும் பிள்ளைகளும் திரிகிற வெளியாகவே விடவேண்டும் என்று நிலத்துக்காரர் ராஜாங்கம் சாகும் முன்பு ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். நிலக்கரி மைன்ஸில் ரிடையர் ஆன நாங்கள் ஏழெட்டுப் பேரும் ஊர்க்காரர்கள் சிலரும் ஞாயிறுதோறும் போய் கருவேல முள் வெட்டுவோம், பாட்டில் பொறுக்குவோம். பக்கத்து மனைக்காரன் எல்லைக்கல்லை நகர்த்தி நகர்த்தி உள்ளே வருகிறான், அளந்து கொடுங்கள் என்று அறக்கட்டளையில் கேட்டார்கள். முப்பத்தொரு வருஷம் மைன்ஸ் சர்வேயில் இருந்தவன் நான் இருக்க வேறு யார் அளப்பது? சனிக்கிழமை தனியாகப் போய், சர்வீஸில் செய்த மாதிரியே முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டி, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டு வந்தேன். அறக்கட்டளைச் செயலாளர் குஞ்சிதபாதம் இந்த ஊரிலேயே பிறந்தவர், முதல் நாளே சொன்னார், சேப்பு வேணாங்க, எங்க சனங்க மிரண்டுடும், தெருவுல ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க என்று. என் தொழிலை எனக்குக் கற்றுத்தர வேண்டாம் என்றேன். என் வாய்க்கொழுப்பு உனக்குத் தெரியாதா. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சிவப்புத் துணிக் குச்சி என்றால் ஒரே அர்த்தம்தான், நிலம் மைன்ஸுக்குப் போகிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது நாற்பது பேர் நின்றார்கள், தடி, கடப்பாரை, மண்வெட்டி. வாரா வாரம் நாங்கள் வந்ததே மைன்ஸுக்கு அளந்து கொடுக்கத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். குஞ்சிதபாதம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லச் சொல்ல அவர் சொந்தக்காரனே அவர் காதோடு சேர்த்து அறைந்தான், காதிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் ஓடியது. அங்கே ஆடு மேய்க்கிற மாரியம்மாள் நான் அடித்த குச்சியையே பிடுங்கி என் முன்னால் வந்தாள். அன்னைக்கு எங்க பலாமரத்துல சேப்புத் துணி கட்டினவன் நீதானே, வூடும் போச்சு கொல்லையும் போச்சு, இப்ப ஆடு மேயற எடத்துக்கும் வந்துட்டியா என்று கத்திக்கொண்டே ஓங்கி அடித்தாள். முதல் அடியிலேயே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். எனக்குக் கண்மண் தெரியவில்லை அகிலா. கீழே கிடந்த சர்வே இரும்புக் கம்பியை எடுத்து வீசினேன். அவளை விலக்கிவிட வந்த அவள் மகன் மதிவாணன் நெற்றியில் பட்டுக் கிழிந்தது. அவன் விழுந்த பிறகும் இன்னொரு முறை ஓங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன். நம் ஆட்கள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்காவிட்டால் இன்று ஜெயிலில் இருந்துதான் எழுதியிருப்பேன்.

மதிவாணனுக்கு எட்டுத் தையல். எட்டு வருஷமாக மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான், பர்மனென்ட் ஆகும் என்று காத்திருக்கிறான். போலீஸில் பெயர் ஏறினால் கேட் பாஸ் போய்விடும். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து தாயும் மகனும் அடித்தார்கள் என்று நீட்டாக எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்து கேட்டார். அம்மா பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள், விடாதீங்க என்றாள். எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான், கை அப்படி வலித்தது.

ஆனால் அந்தப் பலாமரம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. காய் தொங்கிக்கொண்டிருந்த மரம், துணி கட்ட ஆணி அடித்ததும் பால் வழிந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, கொஞ்சம் நல்லெண்ணெய் கொண்டுவந்து, தேய்ச்சிக் கழுவுங்க சார் என்று கொடுத்தாள். நான் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த கொல்லைக்குப் போனேன். அந்தக் கைக்குழந்தையைத்தான் இப்போது இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறேன்.

குச்சிகளை அன்றே கொளுத்திவிட்டார்கள். குஞ்சிதபாதம் தெருத்தெருவாகப் போய்ப் பத்திரத்தைக் காட்டிப் பேசிய பிறகு, நேற்று மாரியம்மாளின் ஆடுகள் மறுபடி மேய வந்தன. அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிட?

அம்மா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது, நீ போன் போட்டுச் சமாதானம் சொல். குட்டிக்கு என் முத்தம். வடலூர் ஜோதி உங்கள் மூவரையும் காக்கட்டும், பல்லாண்டு வாழ்க. மறக்காமல் ஒன்று செய். மதிவாணன் வண்டியில் இருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் பாத்ரூம் என்றே சொல்.

உன் அப்பா
செந்தில்நாதன்