குனியாமல் ஓடினேன்

ஞாயிறு இரவு. மழை விட்டுவிட்டது.

துப்பாக்கி சுடும் போட்டியில் இன்று சி வகுப்பிலிருந்து பி வகுப்புக்கு ஏறிவிட்டேன். மூன்று வருடமாக ஏறாததற்குக் காரணம் குறி தவறுவது இல்லை, குனிகிற பழக்கம். ஓடிக்கொண்டே சுடும்போது, தோட்டா தீர்ந்த மேகஸினைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். நானோ தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிறவள். கொழுந்து வெட்டும் கத்தரி ஒன்று குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு முறையும் குனிந்து பொறுக்குவேன். நேரம் போய்விடும்.

இன்று மேகஸின் பொத்தென்று சேற்றில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கடைசிக் குறி அட்டையைச் சுடும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டியலில் பெயரைப் பார்த்த சந்தோஷத்தோடு வீட்டுக்குக் காரில் மலையேறினேன். ரிங்லெட் ஊரைத் தாண்டியதும்தான் உறைத்தது, மேகஸினை எடுக்கவே இல்லை. கிளப் சாமான்! காரை ஓரங்கட்டி, கூடச் சுடும் முருகையா அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதம்மா, நான் எடுத்துக் கழுவி, கிளப்ல கொடுத்துக் கையெழுத்தும் போட்டுட்டேன். நீ ஒரு சாமான விட்டுட்டுப் போனத இன்னிக்குத்தான் பாக்குறோம் லா. அதுக்கே எல்லாரும் கை தட்டுனாங்க."

அடுத்த போட்டியில் பி வகுப்பில் கடைசியாகத்தான் வருவேன். வந்துவிட்டுப் போகிறேன்.

வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட காலுறை நடுவீட்டில் கிடக்கிறது. இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். இன்னும் குனியவில்லை.