வெள்ளைக் கயிறும் ஆஸ்பெஸ்டாஸ்தான்

மாமா,

இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பத்து மணிக்கு நெஞ்சு டாக்டரிடம் நீங்களே போக வேண்டும்.

போன தடவை அவர், "ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டதும், "என்னயப் பாத்தா கூர போடுதவன் மாதிரியா இருக்கு? நான் கப்பல்ல வேல பாத்தவன்!" என்று கோபப்பட்டீர்கள். அவரும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

கப்பலில் சூடான குழாய்க்கு நீங்கள் சுற்றிய வெள்ளைக் கயிறும் ஆஸ்பெஸ்டாஸ்தான். மூச்சுத்திணறல் அந்தத் தூசியால் வந்திருக்கலாம். இன்றாவது சொல்லுங்கள். கௌரவம் குறையாது.

பெவின்

பி.கு: தோசைக்கல் பிடிக்கக் கப்பலிலிருந்து நீங்கள் கொண்டுவந்த அந்தக் கயிற்றுத் துண்டை, தூசி பறக்காமல் இருக்க நனைத்துப் பையில் கட்டிவிட்டேன். அவிழ்க்காதீர்கள்.

இன்னொன்று: ஷைனி உயிரோடு இருந்திருந்தால், "அப்பா, அப்பா" என்று அழுதே உங்களைக் கூட்டிப் போயிருப்பாள். எனக்கு அழ வராது. நீங்கள் ஏறும்வரை ஹாரன் அடிக்கும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.