ஆக்சிலை வென்ற மாமன்

அருமை அக்கா மகளே,

உன் மாமன் இன்று உலகையே வென்றுவிட்டான். உன் அப்பாவின் பழைய காரில் துருவேறி இறுகிக் கிடந்த ஆக்சில் ஜாயின்ட் கழன்றுவிட்டது. நான் அடித்த அடியில் பூமியே ஒரு கணம் நின்றுதான் சுற்றியது.

காலையிலிருந்து அடித்தும் அது அசையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேரையே எடுக்காத உன் அப்பா ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கோணலா தட்டுனா எப்படி மச்சான் வரும்? நான் இரும்பு ராடை அதுமேல வச்சுப் பிடிக்கிறேன். நேரா ஒரே அடி போடு."

ஒரே அடிதான். கழன்று விழுந்தது. குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்களும் ரப்பர் புஷ்களும் தேய்ந்திருந்தன; அவற்றையும் சேர்ந்தே மாற்றினோம். பிறகு விளிம்புவரை தண்ணீர் நிறைந்த டம்ளரோடு அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"ஒரு குழி விடாம எல்லாத்துலயும் இறக்கு."

"எதுக்கு அத்தான் இந்தக் கூத்து?"

"மாசமா இருக்கிற பொண்ணு உட்காரப் போற சீட்டுடா."

ஊரிலுள்ள அத்தனை பள்ளங்களும் தோற்றன. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நாளைக் காலை கார் உன் வாசலில் நிற்கும். நான்தான் ஓட்டி வருவேன் என்று சாவியைக் கேட்டேன். அவர் தரவில்லை.

சுத்தியல் சக்கரவர்த்தியாகிய
உன் தாய்மாமன்