பத்தேகால் மணிக்கு வந்த போன்

சார்,

இன்று காலை அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்துச் சுவரில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். போஸ்டர் அப்போதுதான் ஒட்டியது. மைதாப் பசை காயாமல் ஓரங்களில் வழிந்துகொண்டிருந்தது. அதன் புளித்த வாடை மூக்கில் ஏறியது. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் நீங்கள், கீழே உங்கள் பெயர். பெயருக்கும் கீழே, ‘எல்லோருக்கும் ஓடி ஓடி உதவியவர்’ என்று ஒரு வரி. அதை இரண்டு தடவை படித்தேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் என்று போட்டிருந்தார்கள். நான் வரப்போவதில்லை. வந்தால் உங்கள் மனைவியிடம் எதையாவது சொல்லிவிடுவேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன். ‘சார்’ என்று ஆரம்பித்ததை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வருடம் அப்படிக் கூப்பிட்டு நாக்கு பழகிவிட்டது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம் கம்பெனி ஒரு தகரக் கூரைக் கொட்டகைதான். லாரிகளுக்குப் போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முனைகளில் பித்தளைக் கிளிப் அழுத்தி அனுப்புவோம். நீள மேசைகளின் இருபக்கமும் நாற்பது பெண்கள் நின்றபடி வேலை செய்தோம். சூப்பர்வைசர் நீங்கள். கண்ணாடித் தடுப்பு போட்ட உங்கள் கேபினில் கம்பெனியின் ஒரே டெலிபோன் இருந்தது. அதன் டயலில் சின்னதாக ஒரு பூட்டு. சாவி உங்கள் சட்டைப் பையில்.

எந்த ஆர்டர் எப்போது போக வேண்டும், எந்தக் கட்டில் என்ன மாற்றம், யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, எல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். சிலவற்றைச் சிகரெட் அட்டையின் பின்னால் கிறுக்கி வைப்பீர்கள். பலவற்றுக்கு அதுவும் கிடையாது. ஒருமுறை நான், “ஒரு நோட்டுல எழுதி வெச்சா எல்லாரும் பாத்துக்கலாமே சார்” என்றேன். நீங்கள் நெற்றியைத் தட்டிக் காட்டினீர்கள்.

“எல்லாம் இங்க கீது கிரேஸு. எழுதி வெச்சிட்டா அப்பறம் என்னை எவன் கேப்பான்?”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் தங்கை லில்லிக்கு அது தலைப்பிரசவம். முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவளுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை, லேசில் கிடைக்காத வகை. தேவைப்பட்டால் அக்காதான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மறுநாள் லோடு போகிற நாள். லீவு போட்டால் திரும்பி வர வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதனால் வேலைக்கு வந்தேன். வந்ததும் நேராக உங்கள் கேபினுக்குத்தான் வந்தேன்.

“சார், ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தா உடனே சொல்லிடுங்க சார். ரத்தம் கேப்பாங்க.”

“சொல்றேன், போம்மா” என்றீர்கள், தலை நிமிராமல்.

போன் பத்தேகாலுக்கு வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, கிரேஸை உடனே அனுப்புங்கள் என்று லில்லியின் கணவர் ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து பேசினார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் பேசினார். “கெளம்பிட்டாங்க” என்றீர்களாம். அந்த மனுஷன் அதை நம்பி வாசலிலேயே நின்று, வருகிற ஆட்டோ ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நானோ உங்கள் கேபினிலிருந்து இருபதடி தூரத்தில் நின்று கிளிப் அழுத்திக்கொண்டிருந்தேன். நாலரைக்கு லாரி கிளம்பியது. அதற்குப் பிறகு வெளியே வந்து, சோம்பல் முறித்துவிட்டு, “ஆமா, காலைல உனக்கு ஒரு போன் வந்துச்சும்மா. மறந்தே பூட்டேன்” என்றீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. ஒரு பாட்டில் ரத்தம் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து ஏற்றியிருந்தார்கள். இரண்டாவது கிடைக்கவில்லை. லில்லியின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். குழந்தை அடுத்த வார்டில் ஒரு நர்ஸின் கையில் நன்றாக இருந்தது. பெண் குழந்தை. அவளுக்கு ஜெபா என்று பெயர் வைத்து நானே வளர்த்தேன். நான் நேரத்தோடு வந்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார்.

அந்தப் பன்னிரண்டு மணிப் பேச்சை லில்லியின் கணவர் வெகு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அதனால், மறந்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நம்பினேன். மறதிக்காக ஒரு ஆளை எப்படி வெறுப்பது? பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, கூட்டிப் பெருக்கும் கண்ணம்மா அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“மனசு கேக்கலடி. அந்தாளு மறக்கல. நான் கேபின பெருக்கிகினு இருந்தேன். போன வெச்சிட்டு, ‘இவள இப்ப அனுப்புனா லோடு நின்னுபூடும், சாய்ந்தரமா சொல்லிக்கலாம்’னு தானா பேசிகினான். இன்னா விசயம்னு அப்ப எனக்குத் தெரியாம பூட்ச்சே” என்று சொல்லி அழுதாள்.

அந்த நிமிஷமே உங்கள் கேபினுக்குள் பாய்ந்திருப்பேன். ஆனால் என் கையில் என்ன இருந்தது? அப்படி ஒரு போன் வந்ததற்கே எங்கும் ஒரு வரி கிடையாது. வரவில்லை என்று நீங்கள் சொன்னால் வரவில்லை. கண்ணம்மாவின் பேச்சை யார் மதிப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு மேசைக்குப் போனேன். இந்த ஆள் வாங்கி வைக்கும் ஒவ்வொரு செய்தியும் ஒரு நாள் காகிதத்தில் ஏற வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் ஆயிற்று. ஆர்டர்கள் கூடின. போனுக்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது நான் போய்க் கேட்டேன். பத்தாவது முடித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது. கொடுத்தார். டெலிபோன் உங்கள் கேபினிலிருந்து என் மேசைக்கு வந்தது. பூட்டை நானே கழற்றினேன்.

முதல் நாளே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். எத்தனை மணி, பேசியது யார், யாருக்கு, என்ன விஷயம், எத்தனை மணிக்குச் சொல்லியாயிற்று, கேட்டுக்கொண்டவர் கையெழுத்து. பேசியவர் சொன்னதை அவருக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதான் என்று அவர் சொன்ன பிறகே போனை வைப்பேன். கம்பெனி விஷயம் என்றால் அன்றே சுவரில் இருந்த கரும்பலகையிலும் எழுதிவிடுவேன். பெண்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் ஐந்து நிமிஷத்தில் மேசைக்கே போய்ச் சொல்வேன். “கிரேஸ் வந்தப்புறம்தான் கம்பெனி ஒழுங்கா நடக்குது” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அதை எல்லோரும் என் திறமை என்று நினைத்தார்கள். நான் அந்த நோட்டைப் போட்டது உங்களுக்காக. நீங்கள் கையெழுத்துப் போடும்போதெல்லாம் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பேன். “இதுக்கெல்லாம் இன்னாத்துக்கு கையெழுத்து?” என்று சலித்துக்கொண்டே போடுவீர்கள். எதற்கும் உங்களிடம் வந்து நின்ற கூட்டம் மெதுவாக என் மேசைக்கும் கரும்பலகைக்கும் மாறியது. கேபினில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஒன்பது நாற்பதுக்கு, நம் சரக்கை வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் பேசினார். சிவப்பு ஒயருக்கு இனிமேல் பெரிய கிளிப், பழைய அளவில் செய்ததை அனுப்ப வேண்டாம் என்றார். உங்கள் காதில் விழும்படி படித்துக் காட்டினேன். ஒன்பது ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். பலகையில் எழுதப் போனபோது, “போர்டுல எழுதாத, நான் லைன்ல சொல்லிக்கிறேன்” என்றீர்கள். அதையும் குறிப்பில் எழுதினேன். பாதி லோடு முடிந்திருந்தது. மாற்றச் சொன்னால் தாமதம் உங்கள் தலையில் விழும். நீங்கள் லைனில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை லாரி மொத்தச் சரக்கோடும் திரும்பி வந்தது.

உங்களுக்குத் தெரிந்தே தப்பான சரக்கு போகிறது என்று எனக்கும் தெரியும். நான்கு நாள் மேசைகளைக் கடந்து நடந்தபோதெல்லாம் பழைய கிளிப்தான் கண்ணில் பட்டது. என் வேலை சொல்வது, சொல்லிவிட்டேன், என்று பேசாமல் இருந்தேன். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அடுத்த வாரம் முழுக்க அதையெல்லாம் வெட்டிப் பிரித்தார்கள். அவர்களிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

வெள்ளி மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது என் மேசைக்கு வந்தீர்கள். முகம் வெளுத்திருந்தது.

“கிரேஸு, மொதலாளியாண்ட நீ சொல்லலன்னு சொல்லிட்டேன்மா. வாயில வந்துட்ச்சு. இனிமே மாத்த முடியாது. அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கிறேன். எனக்கு ரெண்டு பொண்ணு கீதும்மா.”

நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். “அந்தப் போன் எத்தன மணிக்கு வந்துச்சு சார்?”

“எந்தப் போனு?”

“என் தங்கச்சிக்கு ரத்தம் கேட்டு வந்த போன்.”

“அதுவா? அது எப்பவோ நடந்தது. தெனமும் எவ்ளோ போனு வரும், போவும். அதெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிகினு இருப்பான்?”

பத்தேகால் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் முதலாளி முன்னால் நோட்டை விரித்து வைத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார். ஒன்பது நாற்பது. ஒன்பது ஐம்பது. ‘போர்டில் எழுத வேண்டாம் என்று சொன்னார்.’ பிறகு நோட்டை உங்கள் பக்கம் திருப்பி, “இது உங்க கையெழுத்துதானே?” என்றார். அன்று மத்தியானமே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினீர்கள். நான் எழுந்து நின்று பார்த்தேன். அன்றைக்குப் போல் நான் என்றும் ருசித்துச் சாப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் உங்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில். இளைத்துப் போயிருந்தீர்கள். துணிப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. நீங்களாகவே கிட்டே வந்தீர்கள்.

“கிரேஸுதானே? நல்லா கீறியாம்மா?”

நான் பஸ்ஸின் போர்டைப் பார்த்தேன்.

“படுத்துகினே இருக்கேனா, என்னென்னவோ ஞாபகம் வருது. உன் தங்கச்சிக்கு அன்னிக்குக் கொழந்த பொறந்துச்சுல்ல? அது இன்னா ஆச்சு? அதுவும் பூட்ச்சா?”

ஒன்றாக வேலை செய்த அத்தனை வருடத்தில் நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காத ஆளிடம் யாரும் தானாக வந்து சொல்லவும் இல்லை. உங்கள் கண்கள் கலங்கியிருந்தன. பிழைத்துக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. திரும்பி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“சொல்லிட்டுப் போம்மா. தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன்.”

பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு கையை எடுத்தீர்கள்.

வாங்கி வைத்துக்கொண்டு உரியவரிடம் நான் சேர்க்காத செய்தி என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நீங்கள் அந்தச் சந்தேகத்தோடு படுத்து, அந்தச் சந்தேகத்தோடு எழ வேண்டும் என்று விரும்பினேன். அப்படித்தான் தினமும் எழுந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மன்னித்துவிடு என்று சர்ச்சில் பாஸ்டர் சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து தலை குனிகிறேன். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் உதடு அசைவதில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அந்த விரல்கள் சமயத்தில் கண்முன் வருகின்றன. வந்தால் வரட்டும் என்று இருக்கிறேன்.

அவள் இருக்கிறாள் சார். பன்னிரண்டு வயது. ஏழாவது படிக்கிறாள். சிரித்தால் அப்படியே லில்லி.

கிரேஸ்