இடப்பக்கத்துச் சுருள்

என் ஸ்டெல்லாக் குட்டிக்கு,

எப்படி இருக்கேன்னு மட்டும் கேட்காதே. உன் வருஷ நினைவுப் பூசைக்கு ஆவூர் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கோயில் வாசலில் உன் சவரி அண்ணன் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். நடுவில் உன் போட்டோ. இரண்டு பக்கமும் நம் ஆராய்ச்சியின் சுருள் மூலக்கூறு, ஸ்பிரிங் மாதிரி. நீ எப்போதோ போனில் அனுப்பிய படமாம், அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். புதுக்கோட்டைக் கடைக்காரர் ஜோடி சேரட்டும் என்று இடப்பக்கத்துப் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டார். நம் வலச்சுருள் அங்கே இடச்சுருளாகிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? உன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கையில், "அண்ணே, இந்தப் பக்கம் தப்பா இருக்குண்ணே. ஸ்டெல்லாவோட சுருள் இது இல்ல" என்றேன்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. "படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும்" என்றவர், பிளேடு வாங்கி வந்து அந்தப் பக்கத்தை அறுத்து எடுத்தார். பாதி பேனருக்குக் கீழேதான் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. இந்தச் சுருளைக் குளிரவைத்தால் எலெக்ட்ரான்கள் நிலைகொள்ளாமல், அணுக்கள் இரண்டிரண்டாக நெருங்கி, முறுக்கே மாறி, மின்சாரம் நின்றுபோகும். அது எந்த வெப்பநிலையில் என்பதுதானே நம் கணக்கு? அதற்கு எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமைச் சோதிக்க நீ முதலில் என்ன செய்தாய்? வலச்சுருளையும் இடச்சுருளையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாய். கண்ணாடி பிம்பங்கள்தானே, விடை ஒன்றாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேண்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய்.

உன் முதல் கணக்குத்தான் அந்த பேனரில் இருந்தது. தெரியாமலே அண்ணன் அதை வைத்தார், தெரிந்த நான் அறுக்கவைத்தேன். வெட்கமாக இருக்கிறது ஸ்டெல்லா. உன் பக்கத்து நாற்காலியில் அத்தனை வருஷம் உட்கார்ந்து நான் என்ன படித்தேன்?

நேற்று உன் அம்மாவிடம் போனில் பேசினேன். அந்தத் துண்டை அண்ணன் தூக்கிப் போடவில்லையாம், சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறாராம். "அவன் ஒண்ணும் கோவிச்சுக்கலம்மா" என்றார்கள். கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாரேன். அன்று நின்ற அத்தனை பேர் முன்னாலேயும், படத்தில் தப்பில்லை, தப்பு என்னிடம்தான் என்று சொல்வேன். அண்ணன் அந்தத் துண்டை மறுபடி ஒட்டட்டும். கீழே ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

சவரி அண்ணனுக்கு இன்னொரு தங்கச்சியாக இருக்க ஆசைப்படும்,
உன் மல்லிகா